மூன்றாம் படிக்குள் ஓர் ஓவன்

பெங்களூர் காக்ஸ் டவுனில் பாகீரதி வீட்டில் ஓர் ஓவன் இருந்தது. இருந்தது என்றால் சமையலறையில் இல்லை. நவராத்திரி நாட்களில் கொலுவின் மூன்றாம் படிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கும். மற்ற நாளெல்லாம் பரணில், தன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கும். ஒரு ரொட்டித் துண்டைக்கூட அது சூடு பண்ணியது கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு டோரீனைக் கேட்டுப் பாருங்கள், பாகீரதி வாரம் தவறாமல் அதில் ஆப்பிள் கிரம்பிள் செய்கிறாள் என்று சொல்லுவாள். பாகீரதி அவளிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள்.

பாகீரதி பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. இந்தப் பொய்யும் பிறக்கும்போது பொய்யாகப் பிறக்கவில்லை, மரியாதையாகத்தான் பிறந்தது. பிறகு அது தானாகச் சாப்பிட்டு, தானாக வளர்ந்தது.

டோரீன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் சமையலறை ஜன்னல் பாகீரதியின் கொல்லைப்புறத்தைப் பார்த்திருக்கும். புரட்டாசி பிறந்து, தள்ளுவண்டிகளில் சிம்லா ஆப்பிள் குவிய ஆரம்பித்தால், அந்த ஜன்னலிலிருந்து சாயங்காலங்களில் ஒரு வாசனை புறப்படும். வெண்ணெயும் பட்டையும் ஆப்பிளும் சேர்ந்து வேகிற வாசனை. துணி உலர்த்த வந்த பாகீரதி, உலர்த்தி முடித்த துணியையே மறுபடி எடுத்து உதறிக்கொண்டு நிற்பாள். வாசனை மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. ஆப்பிள் மேல் வெண்ணெய் பிசிறிய மாவைத் தூவிச் சுடுகிற அந்தக் கிரம்பிளில் டோரீன் முட்டை போடுவதில்லைதான். ஆனால் அந்த ஓவன் எத்தனையோ கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்த ஓவன். பாகீரதிக்கு அது ஆகாது. டோரீனுக்கும் அது தெரியும், ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

ஒரு வருஷம் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வர இருந்த டோரீனின் தம்பி, "உனக்கு என்னக்கா கொண்டு வரட்டும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, டோரீன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு புது ஓவன் கேட்டாள். வந்த பெட்டியை ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் ஆட்டோக்காரரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து பாகீரதியின் கூடத்தில் இறக்கினாள்.

"முட்டை, கிட்டை ஒண்ணும் படாத ஓவன் இது. நீயே திற, நீயே சுடு. எவ்வளவு வருஷம்தான் வாசனையையே தின்னுக்கிட்டு இருப்பே?"

பாகீரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியின் முன்பக்கத்தில் பளபளவென்று, பழுப்பாக, உப்பலாக ஏதோ ஒரு படம் போட்டிருந்தது. வெளிநாட்டு பன் போலிருக்கிறது, எவ்வளவு அழகாக உப்பியிருக்கிறது என்று அதைத் தடவிக்கூடப் பார்த்தாள்.

அப்போது ஆடி மாதம். புதுச் சாமானை ஆடியில் பிரிப்பானேன், ஆவணி வரட்டும் என்று வைத்தாள். ஆவணியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அதற்குப் பிறகு நவராத்திரி வந்துவிட்டது. நவராத்திரி வந்தால் அந்த வீட்டில் அதிகாரம் அவள் கையில் இருக்காது, புருஷன் சுப்ரமணியன் கைக்குப் போய்விடும்.

சுப்ரமணியன் பொதுப்பணித் துறையில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். மாநிலத்தில் பாதிப் பாலங்கள் தன்னால்தான் நிற்கின்றன என்பது அவர் எண்ணம். ரிடையர் ஆன பிறகு கட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தது கொலுப்படி ஒன்றுதான். பாலத்துக்குக் காட்டிய சிரத்தையை அதற்குக் காட்டினார். மேல் படிகளுக்குச் சாப்பாட்டு மேஜை, அதன் மேல் முக்காலிகள். மேஜைக்கு முன்னால் மூன்றாம் படிக்கு ஒரு நீளப் பலகை, இரண்டு ஓரத்திலும் டிரங்குப் பெட்டி. நடுவில்தான் இடித்தது.

"பள்ளிகொண்ட பெருமாள் என்ன கனம் தெரியுமோ? நடுவிலே சப்போர்ட் இல்லேன்னா பலகை தொய்ஞ்சுடும்" என்று டேப்போடு வீடு முழுக்க அலைந்தார். ஓவன் பெட்டியை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து பாகீரதிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டிரங்குப் பெட்டியும் ஓவன் பெட்டியும் ஒரே உயரம்.

கொலு முடிந்தது. படிச் சாமானெல்லாம் மொத்தமாகப் பரணுக்குப் போனது. ஓவனும் படிச் சாமானாகிப் போயே போய்விட்டது.

அந்த வாரம் காம்பவுண்டுச் சுவர் மேலிருந்து டோரீன் கேட்டாள். "என்ன பாகி, ஓவன் எப்படி வேலை செய்யுது?"

"பேஷா இருக்கு" என்றாள் பாகீரதி. வேறென்ன சொல்வாள், உன் ஓவன் பெருமாளைத் தாங்குகிறது என்றா?

"ஆப்பிள் போட்டியா?"

"போடாம? அதுக்குத்தானே."

அடுத்த தடவை கேட்டபோது ஆப்பிளோடு பட்டையும் சேர்ந்தது. அதற்கடுத்த தடவை, "ஆத்துல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு." பிறகு எப்படியோ அது வாரா வாரம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் டோரீனின் முகம் மலர்வதைப் பார்த்து, பாகீரதி இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவித்தான் சொல்லி அனுப்பினாள்.

இந்தக் கொலுவில் இன்னொரு விசேஷம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். படிகளுக்குப் போர்த்துவது சுப்ரமணியனின் கல்யாண வேஷ்டி. துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ இதழ் மாதிரி மெலிந்துவிட்ட வேஷ்டி. எதிரில் ஸ்டூல் மேல் அவர் ஒரு ஃபோகஸ் லைட்டைப் பொருத்தியிருந்தார். முதல் வருஷமே எதிர் வீட்டு லட்சுமம்மா கொலு பார்க்க வந்து உட்கார்ந்தவள், திடீரென்று கைகூப்பினாள். பெருமாளுக்கு நேர் கீழே, வேஷ்டியில், மங்கலாக ஒரு சங்கின் உருவம்.

"நோடி, பாருங்க பாகீரதம்மா, பெருமாள் காலடிலே சங்கு தானாவே வந்திருக்கு. வலம்புரி."

பாகீரதி உற்றுப் பார்த்தாள். ஆமாம், உருண்டு திரண்டு, ஒரு பக்கம் கூம்பி. துணியின் மடிப்பாக இருக்கும் என்று சுப்ரமணியன் சொன்னார். மடிப்பு வருஷா வருஷம் ஒரே இடத்திலா விழும் என்று லட்சுமம்மா கேட்டாள். அதற்கு இன்ஜினியரிங்கில் பதில் இல்லை. அது முதல் அந்தத் தெருவில் பாதிப் பேர் அந்தச் சங்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் வந்தார்கள். டோரீனும் இரண்டு வருஷமும் வந்தாள். சங்கைப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் அவளுக்கு மட்டும் அப்போது இருமல் வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம், சரஸ்வதி பூஜை அன்று காலையில், காம்பவுண்டுச் சுவர் மேல் ஒரு பை ஆப்பிள் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே டோரீனின் தலை.

"அக்கா மகன் சிம்லாவுல இருந்து வந்தான். தோட்டத்து ஆப்பிள், பாரு, இலையோட இருக்கு. சாயந்திரம் கொலுவுக்கு வர்றேன்."

"வாயேன். கொண்டக்கடலை சுண்டல் பண்ணப்போறேன்."

"சுண்டல் எல்லா வீட்லயும் கிடைக்கும் பாகி. ரெண்டு வருஷமா வாரா வாரம் கிரம்பிள் பண்றேன்னு சொல்றே, எனக்கு ஒரு ஸ்பூன் தந்ததில்லே. இன்னைக்கு எனக்கு அதுதான் வேணும். இந்த ஆப்பிள்லயே பண்ணு. அப்படியே உன் கிச்சன்ல வந்து ஓவனையும் பாக்கறேன். குடுத்ததோட சரி, அது முகத்தையே பாக்கலே."

பாகீரதி ஆப்பிள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் கொல்லையில் வேர்விட்டுவிட்டது. பொய் வெளிப்பட்டால் வெட்கம், அது போகட்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தனக்கென்று ஒன்றும் கேட்காமல் வாங்கிவந்து கொடுத்தாளே, அதை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை என்று தெரிந்தால் அந்த முகம் எப்படி ஆகும்? அதைப் பார்ப்பதற்குப் பதில் இந்த ஆப்பிளையெல்லாம் தோலோடு ஒரே மூச்சில் விழுங்கிவிடலாம்.

இருந்தாலும் சமயோசிதம் அவளைக் கைவிடவில்லை. "ஏன் டோரீன், மேல் மாவுக்கு வெண்ணெய் நீ எவ்வளவு போடறே? எனக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரது."

டோரீன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு மாவில் பாதி வெண்ணெய், சில்லென்று இருக்க வேண்டும், விரல்நுனியால் பிசிற வேண்டும், பிசையக் கூடாது, சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம், எல்லாவற்றையும் அக்கறையாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். பாகீரதி, "நானும் அப்படித்தான், அப்படியேதான்" என்று தலையாட்டி எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

உள்ளே வந்து மருமகள் ரக்ஷாவிடம் சொன்னாள். ரக்ஷாவுக்கு பாங்கில் வேலை, அன்று லீவு. அவள் புருஷன் அபினவுக்கு மட்டும் ஆபீஸ். அமெரிக்காக்காரன் கம்பெனியில் ஏது சரஸ்வதி பூஜை? ரக்ஷா கதையைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதேடி. சாயந்திரம் அவ வந்து நிப்பா."

"குக்கர்ல மணல் போட்டுப் பண்ணிடலாம்மா. என் சித்தி கேக்கே பண்ணுவா."

"அவ சமையலறைக்கு வந்து ஓவனைப் பாக்கறேங்கறாளே."

"அப்போ மாமாகிட்டச் சொல்லிப் படியைப் பிரிச்சுடுங்கோ."

பாகீரதி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். வைத்த கொலுவை விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைக்கிறவரைக்கும் அசைக்கக் கூடாது. அது சாஸ்திரம். சுப்ரமணியன் கட்டியதை அவரே சொல்கிறவரைக்கும் அசைக்கக் கூடாது. அது சாஸ்திரத்துக்கும் மேலே.

ரக்ஷா யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெட்டியை எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்தா?"

சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பொந்து மாதிரி இடம் இருந்தது. பக்கவாட்டில் வேஷ்டியைத் தூக்கி உள்ளே தவழ்ந்து போனால், ஓவன் பெட்டியின் முதுகு வரும். முதுகைக் கத்தியால் கதவு மாதிரிக் கிழித்து, ஓவனைப் பின்பக்கமாக உருவிவிடலாம். பெட்டி நின்ற இடத்தில் நிற்கும்.

"வெறும் அட்டை பெருமாளைத் தாங்குமோடி?"

"வேற எதையாவது அடைச்சுடலாம். கெட்டியா, அடுக்கறாப்பல."

இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் டெலிபோன் மேஜைக்கு அடியில் போயிற்று. சுப்ரமணியன் எதையும் தூக்கிப்போடாதவர். வருஷா வருஷம் வந்த பெங்களூர் டெலிபோன் டைரக்டரிகள் அங்கே செங்கல் செங்கலாக அடுக்கியிருந்தன.

மத்தியானம் பூஜை முடிந்து, வடையும் பாயசமும் சாப்பிட்டு, சுப்ரமணியன் கொலுவுக்கு எதிரிலேயே ஈஸிசேரில் சாய்ந்து, முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டார். தெருவில் ஆயுத பூஜை அமர்க்களம். வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. யாரோ சரவெடி வைத்தார்கள். அவர் குறட்டை அதற்கெல்லாம் அசையவில்லை.

ரக்ஷா புடவையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தாள். பாகீரதி முன்பக்கம் மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மூன்றாம் படியின் பலகையைத் தாங்கிப் பிடித்தாள்.

"பெருமாளே, நாங்க உன்னை நகர்த்தலே" என்று முணுமுணுத்தாள். "உனக்கு அடியிலே இருக்கறதைத்தான் நகர்த்தறோம். கணக்கு வேற."

அட்டை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு தரையில் ஓவன் இழுபடுகிற சத்தம். ஹாரனும் சரவெடியும் ஒரே சமயத்தில் நின்றுவிட, அந்தக் கரகர மட்டும் தனியாகக் கூடத்தில் கேட்டது. பேப்பர் விலகியது.

"என்ன பண்றே பாகீ?"

கொலுவின் முன் மண்டியிட்டு, இரு கையையும் உயர்த்தியபடி, பாகீரதி திரும்பாமல் சொன்னாள். "சேவிச்சுண்டிருக்கேன்."

"ம்" என்றார். அந்தப் பக்தி அவருக்குப் பிடித்திருந்தது. பேப்பர் மறுபடி முகத்துக்குப் போயிற்று.

பலகை அவள் கையில் ஒரு நொடி கனத்தது. பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நின்ற கருடன் மட்டும் ஆடி, சரிந்து, அவள் மடியில் வந்து விழுந்தார். அதற்குள் ரக்ஷா டைரக்டரிகளைப் பொத் பொத்தென்று உள்ளே திணித்து, கடைசி ஒன்றை முழங்காலால் தள்ளினாள். பலகை நின்றது. பாகீரதி கருடனைத் துடைத்துத் திருப்பி வைத்தாள். ஓவன் ஒரு ஜமக்காளத்தின் மேல் ஏறி, புது மணப்பெண் மாதிரி, பின் வழியாகச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிளக்கைப் பார்த்ததும்தான் இருவருக்கும் மூச்சு நின்றது. மூன்று முள்ளும் சதுரம். மஸ்கட்டில் அப்படித்தானாம். நம் சுவரில் எந்த ஓட்டையிலும் அது நுழையாது.

"எந்த முள்ளும் நுழையற மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்காத்துல இருக்கேம்மா" என்றாள் ரக்ஷா.

இருந்தது. கொலுவின் ஃபோகஸ் லைட் அதில்தான் சொருகியிருந்தது. ரக்ஷா பூனை மாதிரி போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கொலு இருண்டது. ஓவனில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பாகீரதி ஆப்பிளைத் தோல் சீவினாள். கத்தி பட்டதும் சாறு தெறித்தது, அப்படிப்பட்ட ஆப்பிள். துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, நாட்டுச் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிக் குலுக்கினாள். மைதாவில் சில்லென்ற வெண்ணெயை விரல்நுனியால் பிசிறினாள். டோரீன் சொன்னபோது புரியாதது கை பட்டதும் புரிந்தது. புட்டு மாவு பதம்தான் இது, வேறொன்றுமில்லை. ஏலக்காய் போடலாமா என்று ரக்ஷா கேட்டாள். போட்டால் அது பாயசமாகிவிடும் என்று பாகீரதி கையைத் தட்டிவிட்டாள். எத்தனையோ வருஷமாக மூக்கால் படித்த பாடம், அவளுக்கா தெரியாது?

ஓவன் முதலில் புது இரும்பு காய்கிற நெடியைத்தான் கொடுத்தது.

"என்ன கருகற வாசனை?" என்று கூடத்திலிருந்து குரல்.

"தெருவுலே பட்டாசு மாமா" என்றாள் ரக்ஷா.

அப்புறம், மெல்ல, அந்த வாசனை வந்தது. பாகீரதி ஓவன் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது இன்று தன் வீட்டிலிருந்தே வருகிறது. கண்ணாடிக்குள்ளே மாவு பொன்னிறமாகி, ஓரத்தில் சாறு குமிழ்விட்டது. இதை இரண்டு வருஷம் பரணில் போட்டுவைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நேரம் தவறி, ஒரு மூலை கருத்தும் போயிற்று.

சுப்ரமணியன் எழுந்தார். கூடத்தில் ஒரு சுற்று நடந்தார்.

"லைட் ஏன் எரியலே? ஆமாம், கருடன் ஏன் பெருமாளைப் பாக்காம சமையலறையைப் பாத்துண்டு நிக்கறார்?"

"அவருக்கும் வாசனை வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ரக்ஷா வந்து, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பாக்ஸில் லைட்டைச் சொருகினாள். கருடனையும் திருப்பினாள்.

"சரி, டைரக்டரியைக் கொண்டா. எலெக்ட்ரீஷியன் நம்பர் பாக்கணும். அந்த பாக்ஸ்லே ஏதோ லூஸ் கனெக்‌ஷன்."

"இன்னைக்கு சரஸ்வதி பூஜை மாமா. புஸ்தகம் தொடப்படாது."

மருமகளுக்கு இவ்வளவு ஆசாரம் எப்போது வந்தது என்று யோசித்துக்கொண்டே முகம் கழுவப் போனார்.

சாயங்காலம் டோரீன் வந்தாள். வெளிர் நீலப் புடவை, தலையில் பாகீரதிக்குப் பிடிக்குமென்று ஒரு முழம் பூ. லட்சுமம்மா முன்னாலேயே வந்து, சங்கைச் சேவித்துவிட்டு, சுண்டலோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். டோரீனும் கொலுவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண் நேராக மூன்றாம் படிக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. இருமல் வரவில்லை. மாறாக, முகம் சின்னதாக வாடியது.

பாகீரதி கிண்ணத்தை நீட்டினாள். டோரீன் ஒரு ஸ்பூன் எடுத்தாள். மென்றாள். இன்னொரு ஸ்பூன்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "எந்த பேக்கரி?" என்று கேட்டாள்.

பாகீரதிக்குச் சுரீர் என்றது. "நான்தான் பண்ணினேன்."

"போதும் பாகி. எனக்குக் கோபம் இல்லே. உன் ஓவன் அங்கதானே உக்காந்திருக்கு, மூணாவது படிக்குள்ள. மூணு வருஷமா பாக்கறேன்."

இரண்டு வருஷம் பொய் சொன்னபோது நம்பியவள் போல இருந்தவள், உண்மை சொல்லும்போது நம்பவில்லை. உள்ளே அழைத்துப்போய் ஓவனைக் காட்டினால் நம்புவாள். ஆனால் சுப்ரமணியன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காட்டினால் அவர் படி கலைந்த கதை வெளியே வரும். அவருடைய பாலங்களையெல்லாம் ஒன்றாக இடித்த பாவம் தலைமேல் விழும். பாகீரதி புருஷனைப் பார்த்தாள். சிநேகிதியைப் பார்த்தாள். டோரீன் மரியாதைக்காக மூன்றாவது ஸ்பூன் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதையைத்தான் பாகீரதியால் பொறுக்க முடியவில்லை.

"எழுந்திரு" என்று டோரீனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஓவன் மேடை மேல் இருந்தது, இன்னும் சூடாக. டோரீன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு போய் அதன் தலையில் உள்ளங்கையை வைத்தாள், ஜுரம் பார்ப்பது மாதிரி. திருகுகளுக்கு மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்து, சர்ரென்று உரித்தாள்.

"இன்னைக்குத்தான் பிரிச்சே" என்றாள்.

"இன்னைக்குத்தான்."

"அப்ப வாரா வாரம்?"

"வாரா வாரம் பண்ணணும்னு நெனச்சேன். அது வரைக்கும் நெஜம்."

டோரீன் உரித்த பிளாஸ்டிக்கைப் பந்தாகச் சுருட்டி அவள் கையில் வைத்தாள். அதற்குள் பின்னால் காலடிச் சத்தம். சுப்ரமணியன், காலிக் கிண்ணத்தோடு. இன்னும் கொஞ்சம் கேட்க வந்தவர், மேடையைப் பார்த்தார். ஓவனைப் பார்த்தார். திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

"அப்போ மூணாம் படியிலே என்ன இருக்கு?"

ரக்ஷா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"டெலிபோன் டைரக்டரி" என்றாள் பாகீரதி.

"எந்த வருஷத்தது?"

"எல்லா வருஷத்ததும்."

அவர் போய், அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, மூன்றாம் படியின் மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்க ஆரம்பித்தார். லட்சுமம்மா அது ஏதோ பூஜை என்று நினைத்து எழுந்து நின்றாள்.

அந்த இடைவெளியில் பாகீரதி டோரீனின் காதருகே கேட்டாள். "வேஷ்டி போர்த்தி மூடியிருக்கு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது, உள்ளே இருக்கறது ஓவன் பெட்டின்னு?"

டோரீன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பாகி, அந்தப் பெட்டி மேல என்ன படம்னு பாத்தியா?"

"ஏதோ பன்."

"பன்னா? அது கோழி. முழுக் கோழி, ரோஸ்ட் பண்ணி, காலைத் தூக்கிக்கிட்டு படுத்திருக்கு. உங்க லைட்டு வெளிச்சத்துல வேஷ்டி வழியா அப்படியே தெரியுது. இந்தத் தெருவுல அதைப் பாத்த உடனே யாருக்குத் தெரியும்? எனக்குத்தான்."

பாகீரதி மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ சங்கு?"

"அதுதான் சங்கு."

"ரெண்டு வருஷமா நீ வாயைத் திறக்கலையே."

"மொதல் வருஷம் பாத்தப்ப கஷ்டமா இருந்துச்சு, இல்லேன்னு சொல்லலே. பிரிக்கவே இல்லையேன்னு. அதுக்குள்ள லட்சுமம்மா வந்து கும்பிட்டுட்டா. கும்பிடறவ கையை எப்படிக் கலைக்கறது? அடுத்த வருஷம் சிரிப்பு வந்துச்சு. இந்த வருஷம் உன்னைக் கொஞ்சம் ஓட விடலாம்னு தோணுச்சு. நீ இப்படிச் சாமி அடியிலேயே பொந்து போடுவேன்னு எனக்கு என்ன தெரியும்?"

பாகீரதி சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போகக் கூடாது. அதனால் தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. டோரீன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். ரக்ஷா என்ன என்ன என்று இருவரையும் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சுப்ரமணியன் ரசமட்டத்தோடு திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது.

"போன வருஷம் நான் வெச்சப்போ கிழக்குப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. இப்போ சரியா இருக்கு." கிண்ணத்தை நீட்டினார். "அடுத்த வருஷத்துலேர்ந்து டைரக்டரியே இருக்கட்டும். ஓவனுக்குக் கனம் பத்தாது. அந்தக் கருகின மூலையை எனக்குப் போடு, அதுதான் நன்னா இருக்கு."

விஜயதசமிக்கு மறுநாள் கொலுவைப் பிரித்தபோது, முதுகு கிழிந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப் போனார். பாகீரதி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஓவன் பிறகு சமையலறையை விட்டு அசையவில்லை. வாரா வாரம் ஏதாவது வெந்தது. ஆப்பிள் இல்லாத நாளில் கொய்யா, அன்னாசி. பொய் உண்மையைவிட இரண்டு வருஷம் முந்திக்கொண்டு ஓடியது, உண்மை பின்னாலேயே வந்து பிடித்துவிட்டது. ஒரு ஸ்பூன் எப்போதும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போகும்.

அடுத்த நவராத்திரிக்குச் சுப்ரமணியன் டைரக்டரிகளை அழகாக நூல் பிடித்து அடுக்கினார். அவர் அந்தண்டை போனதும், பாகீரதி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து அவற்றின் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்த்தாள், படம் முன்பக்கம் வரும்படி. வேஷ்டியைப் போர்த்தி, லைட்டைப் போட்டு, தள்ளி நின்று பார்த்தாள்.

சாயங்காலம் லட்சுமம்மா வந்து உட்கார்ந்தாள். கைகூப்பினாள். கொஞ்சம் குழம்பினாள்.

"பாகீரதம்மா, போன வருஷம் சங்கு மேலே பாத்திருந்தது. இந்த வருஷம் தலைகீழாப் படுத்திருக்கே."

"பெருமாளே தூங்கறார்" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து டோரீன், மிகவும் பணிவாக. "அதுக்கும் அசதியா இருக்கும்."

பாகீரதி கிரம்பிள் கிண்ணங்களை எடுத்துவர அவசரமாகச் சமையலறைக்குப் போனாள். வெகு நேரம் திரும்பி வரவில்லை.